ஹம்சாவின் படகுக்கு வில்லங்கம் பார்க்கப் போனேன்

நிலத்தை விற்ற பத்திரம் என் கையால் எழுதியது. அதனால் படகு வாங்கும் பத்திரத்தையும் நான்தான் வந்து பார்க்க வேண்டும் என்று அக்கா போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள். "என் காணிய வித்துக் குடுத்தது நீதான நைனா? அது இன்னாவா மாறுதுன்னு வந்து பாத்துட்டுப் போ" என்றாள். தட்ட முடியவில்லை.

திருத்தணி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். படிப்பு எட்டாவதோடு நின்றது. மீதியை எதிரே வந்து உட்கார்ந்த ஜனங்கள் வாயைத் திறந்து கற்றுக்கொடுத்தார்கள். அக்கா சுசீலாவைக் கட்டிக்கொடுத்த இடம் மலேசியா. அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்பேன்; அவர் தாத்தா காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குப் போன குடும்பம். பெண் எடுக்க மட்டும் எங்கள் கே.ஜி.கண்டிகைக்கு வந்தார்கள். இத்தனை வருடம் லாரி ஓட்டிய பாவாவுக்கு இப்போது ஒரு படகு வாங்கி, தூண்டில் போட வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் தொழில் செய்ய ஆசை. புதுப் படகுக்கு வசதி போதாது. பழைய படகு ஒன்று படிந்து வந்தது. அக்காவின் பங்குக்கு வந்த நஞ்சை முழுவதும் அதற்குள் போகப்போகிறது.

ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று அங்கே எங்களுக்கு வாய்த்த வக்கீலம்மா கேட்டுக்கொண்டார். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். பேராக் மாநிலத்தில் ஓர் ஆறு கடலில் கலக்கும் இடம், அவ்வளவு போதும்.

அந்தக் கரையில் ஆறு கடலில் விழுகிற ஊருக்கெல்லாம் 'கோலா' என்றுதான் பெயர் தொடங்குகிறது. பஸ் டிரைவர் என்னை ஏதோ ஒரு கோலாவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அது என் கோலா இல்லை. பெட்டியோடு வெயிலில் நின்றேன். அரக்கோணத்தில் ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயில் வரும், வடையாவது வரும். இங்கே சாலையின் இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பனை வரிசையைத் தவிர ஒன்றும் வரவில்லை.

சற்றுத் தள்ளி ஒரு தகரக் கொட்டகை. தமிழம்மா ஒருவர் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "பசியாறியாச்சா?" நாங்கள் "சாப்ட்டியா" என்று கேட்போம். அங்கே பசி ஆறிற்றா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதிப் பசி போய்விட்டது. மீதிக்கு இரண்டு ரொட்டியும் பருப்புச் சாறும். டீயை ஒரு முழம் இழுத்து ஆற்றினார். அதில் சர்க்கரையும் டின் பாலும் சரிக்குச் சரி.

"ஊருக்குப் புதுசா? என்னா விஷயமா வந்தீங்க?"

"அக்கா வீட்டுக்குங்க. பாவா ஒரு போட்டு வாங்குறாரு."

"எந்த ஜெட்டியில?" சொன்னேன். வீசிக்கொண்டிருந்த மாவு கையில் நின்றது. "பச்சைப் போட்டா?"

"தெரியலிங்களே. இனிமேதான் பாக்கணும்."

அந்த அம்மா மாவை அப்படியே கல்லில் போட்டார். பாவா பைக்கில் வந்து என்னைக் கண்டுபிடிக்கும்வரை பனை மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது டீக்குக் காசு வாங்கவில்லை. "போற காரியத்த நல்லபடியா முடிச்சிட்டு வாங்க, அப்போ வாங்கிக்கறேன்" என்றார்.

படகு பச்சைதான்.

ஆற்றின் ஓரத்தில் மரக்கட்டைகளை நட்டுக் கட்டிய நீளமான படகுத்துறை. அதைத்தான் ஜெட்டி என்கிறார்கள். இரண்டு கரையும் சதுப்பு நிலக் காடு. வேர்கள் சேற்றுக்கு மேலே முழங்காலை மடக்கிக்கொண்டு நிற்கின்றன. இருபது முப்பது படகுகள் கட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றின் கூரையிலும் கொக்கோ நீர்க்காகமோ உட்கார்ந்து எச்சமிட்டு வெள்ளையடித்திருந்தது. கடைசியில் கிடந்த பச்சைப் படகின் கூரை மட்டும் துடைத்துவைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. நான் அதை நல்ல பராமரிப்பு என்று நினைத்தேன்.

விற்கிறவர் ரஷீத், மலாய்க்காரர், நாற்பது வயதிருக்கும். கனிவான முகம். ஆனால் படகை நேராகப் பார்த்துப் பேசவில்லை. எங்களையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்துப் பேசினார். படகு அண்ணன் ஹம்சாவினுடையதாம். அண்ணன் இல்லையாம், அதனால் தன்னுடையதாம்.

ஏறுவதற்கு முன் அவர் ஒன்று செய்தார். விளிம்பில் நின்று, படகுக்குள் பார்த்து, மலாயில் என்னவோ கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். நாங்களும் நின்றோம். தண்ணீரில் அசைவே இல்லை. பிறகு படகு லேசாக அசைந்து, துறையில் தொங்கவிட்ட டயரில் 'டொக்' என்று ஒரு இடி இடித்தது. அதன் பிறகே ரஷீத் ஏறினார்.

"இன்னா கேட்டாரு பாவா?"

"'அண்ணே, ஏறட்டுமா'ன்னு கேட்டாரு."

"யாரை?"

பாவா தலையைச் சொறிந்தார். மலேசியாக்காரர்கள் பேச்சில் ஒட்டிக்கொண்டே வரும் அந்த 'லா'வோடு சொன்னார்: "இங்க அது பழக்கம் லா, மச்சான். நீ எஞ்சினப் பாரு."

எனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? நான் துறையைப் பார்த்தேன். அதன் கரைமுனையில் டீசல் விற்கிற சீனக் கிழவர் ஒருவர், பச்சைப் படகுக்கு டின்னைக் கொண்டுவந்தார். அவரும் நின்று கேட்டார், காத்தார், சத்தம் வந்த பிறகு டின்னை உள்ளே வைத்தார். பக்கத்துப் படகுகளில் இப்படி யாரும் கேட்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை, கிருத்திகை. எங்கள் தவறு அன்றுதான் நடந்தது.

எங்கள் ஊரில் சைக்கிளோ டிப்பர் லாரியோ, வண்டி என்று ஒன்றை வாங்கினால் முதலில் மலைக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பூஜை போடுவோம். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம், பூசணிக்காய் உடைப்போம். பெயர் மாற்றுவது, இன்சூரன்ஸ் எல்லாம் அப்புறம். முதலில் முருகன், பிறகு ஆர்.டி.ஓ. யாரும் இதை மாற்றிச் செய்து நான் பார்த்ததில்லை. அக்கா கடல் தாண்டிப் போய் இருபது வருடமாகியும் இதை மறக்கவில்லை. பாவா நான் வந்து சேர்வதற்கு முன்பே, அந்த வாரம், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு முன்பணம் கொடுத்திருந்தார். அக்காவுக்கு அது போதும். கிருத்திகையை விட்டால் அடுத்த மாசம் வரை காத்திருக்க வேண்டும்.

"டேய், இதுக்குச் சக்கரம் எங்கடா? பழத்த எங்க வெக்கறது?" என்று துறையில் நின்று திகைத்தாள். கடைசியில் படகுக்கும் டயருக்கும் நடுவே நான்கு பழங்களைச் செருகினோம். அக்கா வலது காலை எடுத்து வைத்து ஏறினாள். யாரையும் கேட்கவில்லை. மூக்குப் பலகையில் மஞ்சளைக் குழைத்து 'தணிகை' என்று பெரிதாக எழுதினாள், குங்குமம் வைத்தாள். ரஷீத் சிரித்த முகமாகத் தன் போனில் வீடியோ எடுத்தார்.

கற்பூரம் ஏற்றினாள். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. என் வேட்டி நுனி அந்தப் பக்கம்தான் பறந்தது. சுடர் மட்டும் காற்றுக்கு எதிராகக் கரைப்பக்கம் சாய்ந்து எரிந்தது. அக்கா அதைக் கவனித்தாளா தெரியாது, சீக்கிரமாகக் கும்பிட்டு இறங்கிவிட்டாள். எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. நாங்கள் நின்ற நேரம் முழுக்கப் படகு டயரைத் தொடவே இல்லை.

டீசல் கிழவர் பாவாவிடம் என்னவோ சொன்னார். பாவா மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் விடவில்லை.

"'உன் சம்சாரம் கேக்காம ஏறிட்டாங்க'ன்னு சொல்றாரு."

அன்று மத்தியானம் வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பாவாவுக்கு இஷ்டமில்லை. "போட்டுக்கு எதுக்கு லா லாயரு? கார் வாங்கறப்ப போனோமா?" என்று முனகிக்கொண்டே வண்டியை எடுத்தார். தேவகி அம்மாளின் அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடியில். ஐம்பது வயது, கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பார்வை. முதல் கேள்வி அங்கேயும் பசியாறியாச்சா தான்.

இரண்டாம் கேள்வி: "கையெழுத்துப் போட்ட பேப்பர் எத்தனை பக்கம்?"

"ஒரே பக்கம்தான் லாயரம்மா" என்றார் பாவா.

"அந்த ஒரு பக்கத்தையும் படிக்கல."

நான் பத்திரம் எழுதுகிறவன் என்று அக்கா பெருமையாகச் சொல்லிவைத்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படின்னா உங்களுக்குச் சுலபமா புரியும். நிலம் நகராது. நாலு எல்லை இருக்கு, யாரு பேர்ல அடமானம்னு ஆபீஸ்ல எழுதி இருக்கு. போட்டு நகரும். வேல செஞ்ச ஆளுக்குச் சம்பள பாக்கி, ரிப்பேர் பண்ண பட்டறைக்குப் பாக்கி, இதெல்லாம் எங்கயும் எழுதி இருக்காது. ஆனா போட்டையே புடிச்சிக்கிட்டு வரும். கை மாறினாலும் விடாது."

"பேய் மாரிங்களா?" என்றாள் அக்கா.

"பேய்க்குப் பரிகாரம் இருக்கு லா. இதுக்கு நோட்டீஸ்தான் வரும்." சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்த ஊருக்கு வந்த பிறகு நான் நன்றாகச் சிரித்தது அப்போதுதான். விற்கிறவர் பெயரில்தான் படகு பதிவாகியிருக்கிறதா, கடன் ஏதாவது உண்டா, நமக்காக ஒரு ஆள் அடிப்பலகை வரை தட்டிப் பார்த்துச் சொன்னாரா, இதெல்லாம் தெரிகிறவரை முன்பணம்கூட வக்கீல் கையில்தான் இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"பரவால்லிங்க. முன்பணம் போக பூஜை மட்டும்தான் போட்டோம்" என்றேன் நான், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

பேனாவைக் கீழே வைத்தார். "என்னா பூஜை?"

சொன்னோம். பெயர் எழுதியதைச் சொன்னோம். வீடியோ எடுத்ததைச் சொன்னோம். காகிதத்தில் ஒரு வரியை விரலால் தொட்டு, மெதுவாகத் தமிழில் படித்தார். வாங்குகிறவர் படகைத் தம் வசம் எடுத்துக்கொண்ட அன்றே மீதித் தொகை முழுவதையும் கட்ட வேண்டும். அன்று முதல் படகுக்கு எது நேர்ந்தாலும் அது வாங்கியவர் பாடு.

"உங்க கை, உங்க மஞ்சள், உங்க சாமி பேரு. நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னு ரஷீத் சொல்றதுக்கு வேற என்னா வேணும்?"

அக்கா விரலில் ஒட்டியிருந்த மஞ்சளை முந்தானையில் துடைத்தாள். திருத்தணியில் இது பூஜை. அந்தக் காகிதத்தின் கணக்கில் நாங்கள் படகை எடுத்துக்கொண்டவர்கள். கே.ஜி.கண்டிகை நஞ்சை அந்த மஞ்சளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் பதிவு விவரம் வந்துவிட்டது. படகு இன்னும் ஹம்சா பெயரில்தான் இருந்தது. அவர் இறந்ததாக எங்கும் சான்று இல்லை. காணவில்லை என்ற புகார் மட்டும் உண்டு. நான்கு வருடத்துக்கு முந்தையது.

"எங்க ஊர்ல ஒரு சட்டம் இருக்குதுங்க" என்றேன். "ஏழு வருஷம் ஆளே இல்ல, தகவலும் இல்லன்னாத்தான் செத்ததா எடுத்துப்பாங்க."

"இங்கயும் அதே. தம்பிக்கு விக்கிற உரிமை இல்ல. நீங்க எழுதினது வெறும் மஞ்சள்னு காட்ட, அந்தப் பேர இப்பவே போட்டோ எடுக்கணும். வாங்க."

நண்பகல். ஜும்ஆ தொழுகைக்கு ஊரே போயிருந்தது. கிழவரும் கடையை அடைத்துச் சாப்பிடப் போய்விட்டார். அந்தத் துறையில் ஒரு மனிதரும் இல்லை என்றே தோன்றியது. நிழல் காலுக்கடியில் சுருண்டுவிட்ட நேரம். நீர் வற்றிக்கொண்டிருந்தது, சேறு முழுக்க எண்ணெயில் கடுகு போட்டதுபோல் பொரிகிற சத்தம். சேற்றுக்குள் இருக்கிற சின்ன இறால்கள் எழுப்புகிற ஓசை என்று தேவகி அம்மாள் சொன்னார். சொன்ன பிறகும் நான் பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். பாவா வண்டியை நிறுத்தப் போயிருந்தார்.

நானும் அக்காவும் தேவகி அம்மாளும் கடைசிவரை நடந்தோம். பச்சைப் படகின் மூக்கில் ஒரு பெண் மண்டியிட்டு, வாளியில் துணியை நனைத்து நனைத்து, 'தணிகை'யை அழித்துக்கொண்டிருந்தாள். இரண்டெழுத்துப் போய்விட்டது. அவசரமே இல்லை அவளுக்கு. பாத்திரம் தேய்க்கிறதுபோல் தேய்த்தாள். நாங்கள் செருகிய நான்கு எலுமிச்சம்பழங்களும் ஓட்டுகிறவர் இருக்கையின் முன்னே வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

ஹம்சாவின் மனைவி சல்மா. தேவகி அம்மாள் மலாயில் பேசினார். பதிலைத் தணிந்த குரலில் எங்களுக்குச் சொன்னார்.

"'யாரோ பேர் எழுதிட்டாங்க. தண்ணியில இருந்து பாத்தா இது வேற போட்டுன்னு அவரு நெனச்சிக்குவாரு.'"

கரையிலிருந்து பார்த்தால் என்று சொல்லவில்லை. தண்ணீரிலிருந்து என்றுதான் சொன்னாள்.

ஹம்சா காணாமல்போன அன்று படகை நடுக்கடலில் கண்டபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம். ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாம். தூண்டில் கயிறு விறைப்பாக நேரே கீழே இறங்கியிருந்ததாம். இழுத்துப் பார்த்தார்களா என்று நான் கேட்டேன். தேவகி அம்மாள் அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கவில்லை.

"'எல்லாரும் எங்கிட்ட காகிதம் கொண்டுவராங்க. செத்துட்டாருன்னு எழுதிக் குடுன்னு கொழுந்தன் கேக்கறான். இருக்காருன்னு எழுதிக் குடுன்னு என் பொறந்த வீட்டுல கேக்கறாங்க. எனக்கு எதுவும் தெரியாது.'"

"தெரியாதுன்னே எழுதலாம்" என்று தேவகி அம்மாள் அவளுக்கு மலாயில் சொல்லிவிட்டு எங்களிடமும் சொன்னார். "'அவருக்காக யாரும் இத விக்கிறதுக்கு எனக்குச் சம்மதம் இல்ல'ன்னு கூட எழுதினா போதும். சட்டம் வேற எதுவும் கேக்கல." சல்மா துணியைப் பிழிந்து வைத்துவிட்டு, அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். நான்கு வருடத்தில் 'தெரியாது' என்று எழுதலாம் என அவளுக்கு யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகினாள். விளிம்பில் நின்று தமிழிலேயே, "அண்ணா, நான் ஏறிக்கட்டுமா? எழுதனத அழிச்சிட்டுப் போயிடறேன்" என்றாள். நாங்கள் காத்திருந்தோம். நீர் வற்றிக்கொண்டே இருந்தது. டயரில் 'டொக்' என்றது. அக்கா ஏறி, சல்மாவின் வாளியிலிருந்து இன்னொரு துணியை எடுத்தாள்.

"வீடியோ எடுங்க" என்று தேவகி அம்மாள் என் முழங்கையை இடித்தார். "எழுதினது அவுங்க போன்ல இருக்கு. அழிச்சது நம்ம போன்ல இருக்கட்டும்."

படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது. ஆனால் இரண்டு பெண்கள் ஒரு பெயரை அழிப்பது நன்றாகவே தெரிகிறது.

சாயங்காலம் டயர் கடை மாடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். பாவா கடைசிவரை முரண்டு பிடித்தார். "ஆசப்பட்டுட்டேன் மச்சான். நல்ல எஞ்சின் லா அது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா அவரிடம் கோபப்படவில்லை. "எஞ்சினு நல்லாத்தான் கீது. மத்தது எதுவும் நம்மள்து இல்ல. போடுங்க கையெழுத்த" என்றாள். போட்டார். ரஷீத் சல்மாவின் வாக்குமூலத்தைப் படித்தார், பதிவு நகலைப் பார்த்தார். எதிர்த்துப் பேசவில்லை. ஒப்பந்தம் ரத்து, படகு யார் வசமும் போகவில்லை, முன்பணம் திரும்ப வருகிறது என்ற காகிதத்தில் அவரும் கையெழுத்திட்டார். அவருக்கும் ஏதோ பாரம் இறங்கியதுபோலத்தான் எனக்குத் தெரிந்தது. யாரும் எடுத்துப் போகாமல் இருக்க பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை நாங்கள் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ரஷீத் வாசலில் வந்து கத்தினார். படகைக் காணோம்.

பாவாதான் எடுத்துவிட்டார் என்றார். பூஜை போட்டவர்கள் நீங்கள்தானே, அன்றே எடுத்துக்கொண்டீர்கள், இனி பொறுப்பும் உங்களுடையது என்றார். வீடியோவைக் காட்டினார். தேவகி அம்மாள் வந்து முந்தின மாலைக் காகிதத்தை அவர் முன் பிடித்தார். "நேத்து சாயந்தரம் போட்ட கையெழுத்து. ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தா" என்று எங்களிடம் தமிழில் சொல்லி நிறுத்திக்கொண்டார். அக்கா பொட்டலத்தை மூடிவைத்தாள்.

எல்லோரும் துறைக்குப் போனோம். கயிறு அறுந்திருக்கவில்லை. அவிழ்த்து, வட்டமாகச் சுற்றி, பழகிய கை வைத்ததுபோல் கட்டையின் மேல் வைத்திருந்தது. பேட்டரி ரஷீத் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயே இருந்தது. சல்மா இரவு முழுதும் தங்கை வீட்டில் இருந்திருக்கிறாள். விடியற்காலை கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறத் தொடங்கியபோது படகு துறையில்தான் கிடந்தது என்று துறைக்காரர்கள் சொன்னார்கள். எஞ்சின் ஓடாத படகு அவிழ்ந்தால் ஆற்றின் மேல்பக்கம்தான் போயாக வேண்டும். மூன்று படகுகள் மேல்பக்கம் போய்க் காட்டின் ஒவ்வொரு வாய்க்காலாகத் தேடித் திரும்பின. ஒரு பலகைகூட இல்லை.

"கடல் பக்கம் பாக்கலியா?" என்று நான் பாவாவைக் கேட்கச் சொன்னேன். பாவா டீசல் கிழவரிடம் கேட்டார். கிழவர் டின்னை நிமிர்த்தி வைத்துவிட்டு, நிதானமாகப் பதில் சொன்னார். பாவா என் தோளைப் பிடித்துக் கரைப்பக்கம் திருப்பினார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்:

"'ஏறுற தண்ணியில கடல் பக்கம் போயிருந்தா, அது காணாமப் போன போட்டு இல்ல. சொந்தக்காரன் வந்து எடுத்துட்டுப் போன போட்டு. அத நாங்க எதுக்குத் தேடணும்?'"